வெள்ளைக் காய்களின் முதல் எட்டு நகர்த்தல்கள்

சதுரங்கத்தில் முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியது. அந்த ஒரு நகர்த்தலுக்கே இருபது வழிகள் உள்ளன. எட்டுச் சிப்பாய்களுக்கும் இவ்விரண்டாகப் பதினாறு; இரண்டு குதிரைகளுக்கும் இவ்விரண்டாக நான்கு. கருப்பும் இருபது வழிகளில் விடையளிக்கலாம். ஆகவே இருவரும் ஒருமுறை நகர்த்தி முடிப்பதற்குள் ஆட்டம் 400 கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டாம் முறையும் இருவரும் நகர்த்திவிட்டால் கிளைகளின் எண்ணிக்கை 1,97,281 ஆகும்.

இக்கிளைகளுள் நல்லவற்றைத் தேர்ந்து, பெயரிட்டு, ஆராய்ந்து வைத்திருப்பதையே தொடக்கக் கோட்பாடு என்கிறோம். சிசிலியன் தற்காப்பு, ரூய் லோபஸ் முதலிய தொடக்கங்களில் இருபது நகர்த்தல்களுக்கு மேலும் மனப்பாடமாக ஆடுவோர் உண்டு. அவ்வாறு ஆடப் பயிற்சியாளர் வேண்டும், நூல்கள் வேண்டும், நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். இம்மூன்றும் வாய்த்தவர் சிலரே. பெற்றோரின் பணிமாற்றத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் மாணவருக்கு ஓர் ஊரில் கிடைத்த பயிற்சியாளர் அடுத்த ஊரில் கிடைப்பதில்லை. ஆயினும் மண்டலப் போட்டி ஆண்டுதோறும் வருகிறது. எதிரில் அமர்பவர் பயிற்சி மையத்தில் நான்காண்டு கற்றவராக இருக்கலாம். பத்தாவது நகர்த்தலுக்குள் தோற்றுவிடாமல், தாம் சிந்திக்கத்தக்க ஒரு நிலையை எட்டுவதற்கு இத்தகைய மாணவர் என்ன செய்யலாம்? அதற்கான விடைகளுள் ஒன்றே இப்பாடத்தில் விளக்கப்படும் இலண்டன் அமைப்பு.

பாடத்திற்குள் புகுமுன் காய்களின் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது நமக்கு மிகவும் தேவை. ஏனெனில் நீங்கள் வாழும் ஊரின் மொழியும் வீட்டு மொழியும் இங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. தமிழில் மூலைக் காயை யானை என்கிறோம். கோட்டை என்பாரும் உளர். சாய்வாகச் செல்லும் காய் மந்திரி. இந்தி பேசும் ஊர்களில் மூலைக் காய் யானையாகவே இருக்கிறது. ஆனால் சாய்வாகச் செல்லும் காய் ஒட்டகம் ஆகிவிடுகிறது. அரசியை அங்கே வஜீர், அதாவது அமைச்சர், என்பார்கள். வங்காளத்திலோ மூலைக் காய் படகு. சாய்வாகச் செல்வதே யானை. நாம் அரசி என்பதை அவர்கள் மந்திரி என்கிறார்கள்! கொல்கத்தாவில் நண்பர் ஒருவர் ‘உன் மந்திரியைக் காப்பாற்று’ என்றால் எதைக் காப்பாற்றுவது என்று குழம்பாதிருக்க வேண்டும். பழைய இந்திய ஆட்டத்தில் அரசனின் அருகில் நின்றது அமைச்சரே. அரசி பிற்காலத்தில் மேலைநாட்டு ஆட்டத்தில் வந்து சேர்ந்தவள். அவ்வகையில் இந்தியும் வங்காளியும் பழைய பெயரைக் காத்து வைத்திருக்கின்றன எனலாம். இப்பாடத்தில் அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்னும் ஆறு பெயர்களையே ஆள்வோம்.

கட்டங்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து நிரல்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் எனவும், வெள்ளையின் பக்கத்திலிருந்து வரிசைகள் 1 முதல் 8 வரை எனவும் வழங்கும். பலகையையும் காய்களையும் எதிரில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பலகையின்றிப் படித்தால் இப்பாடம் வெறும் எழுத்தும் எண்ணுமாகவே தோன்றும்.

இலண்டன் அமைப்பில் வெள்ளை அமைக்க விரும்பும் நிலை இது. டி2 சிப்பாய் டி4-க்குச் செல்கிறது. சி1-இல் உள்ள மந்திரி எஃப்4-க்கு வருகிறது. இ2 சிப்பாய் இ3-க்கும், ஜி1 குதிரை எஃப்3-க்கும், சி2 சிப்பாய் சி3-க்கும் நகர்கின்றன. மற்றொரு மந்திரி எஃப்1-இலிருந்து டி3-இல் அமர்கிறது. பி1 குதிரை டி2-க்கு வருகிறது. எட்டாவதாக, அரசன் கோட்டை கட்டிக்கொள்கிறான். அதாவது அரசன் ஜி1-க்கும் யானை எஃப்1-க்கும் ஒரே நகர்த்தலில் செல்கின்றன. இப்போது சிப்பாய்களைப் பாருங்கள். பி2, சி3, டி4, இ3, எஃப்2 என ஐந்தும் ஒரு கோபுரம் போல நிற்கின்றன. உச்சியில் உள்ள டி4 சிப்பாயை இருபுறமும் இரண்டு சிப்பாய்கள் தாங்குகின்றன. அவ்விரண்டையும் பி2, எஃப்2 சிப்பாய்கள் தாங்குகின்றன.

கருப்பு என்ன செய்தாலும் பெரும்பாலும் இவ்வமைப்பை வெள்ளை எட்டிவிட முடியும் என்பதே இதன் சிறப்பு. ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

எட்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொன்றின் காரணத்தையும் அறிவதே கல்வி. முதலில், மந்திரி ஏன் இரண்டாவது நகர்த்தலிலேயே வெளியே வருகிறது? சி1 மந்திரி செல்லும் பாதை டி2, இ3, எஃப்4 என்னும் சாய்வுக் கோடு. இ3-இல் சிப்பாயை முதலில் வைத்துவிட்டால் அப்பாதை அடைபட்டுவிடும். பிறகு நம் வீட்டுக் கதவை நாமே பூட்டி, மந்திரியை உள்ளே சிறை வைத்ததாகும். பெல்ஜிய வீரர் எட்கார் கோல் பெயரால் வழங்கும் கோல் அமைப்பு ஏறத்தாழ இதே சிப்பாய் அமைப்பை உடையது. ஆனால் அதில் இந்த மந்திரி நெடுநேரம் உள்ளேயே கிடக்கும். மந்திரியை முதலில் வெளியேற்றிவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் இலண்டன் அமைப்பின் உயிர்.

எஃப்4-இல் அமர்ந்த மந்திரி இ5 கட்டத்தைக் கண்காணிக்கிறது. டி4 சிப்பாயும் எஃப்3 குதிரையும் அதே கட்டத்தைக் குறிவைக்கின்றன. ஆக மூன்று காய்களின் பார்வை ஒரே கட்டத்தில் குவிகிறது. தக்க நேரத்தில் எஃப்3 குதிரை இ5-க்குத் தாவி அமர்ந்தால் அதை அசைப்பது கருப்புக்கு எளிதன்று. டி3 மந்திரி எச்7 சிப்பாயை நோக்கி நிற்கிறது. கருப்பு அரசன் தன் வலப்பக்கம் சென்றாலும் இடப்பக்கம் சென்றாலும் நமக்கு என்ன என்று எண்ணலாகாது. குறுகிய பக்கத்தில், அதாவது ஜி8-இல், கோட்டை கட்டிய அரசனுக்கு எச்7 சிப்பாயே கதவு. அக்கதவுக்குக் காவல் எஃப்6-இல் நிற்கும் கருப்புக் குதிரை. அக்குதிரையை விரட்டிவிட்டால் எச்7 மீது தாக்குதல் தொடங்கலாம். இலண்டன் அமைப்பில் வெள்ளை பெறும் விரைவான வெற்றிகள் பல இவ்வழியில் வந்தவையே. டி2 குதிரைக்கும் ஒரு பணி உண்டு: இ3 சிப்பாயை இ4-க்குத் தள்ளும் நேரம் வரும்போது அதற்குத் துணைநிற்பது.

இனிக் கருப்பின் விடைகளைக் காண்போம்.

கருப்பு தன் மந்திரியை டி6-க்குக் கொண்டுவந்து, ‘மந்திரிக்கு மந்திரி மாற்றிக்கொள்வோமா?’ என்று கேட்பது மிக இயல்பான விடை. அப்போது நாம் எடுக்கவும் வேண்டா, ஓடவும் வேண்டா. மந்திரியை ஜி3-க்குப் பின்வாங்கினால் போதும். கருப்பு அங்கு வந்து வெட்டினால் எச்2 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். உடனே எச் நிரல் திறக்கிறது. இன்னும் கோட்டை கட்டாதிருந்தால் எச்1 யானை இருந்த இடத்திலேயே போரில் இறங்கிவிடுகிறது. ஒரு நகர்த்தலும் செலவிடாமல் யானைக்கு வேலை கிடைப்பது அரிய வரவு. கருப்பு வெட்டாமல் விட்டாலும் நமக்கு நன்மையே: மந்திரி எஃப்4-ஐ விட்டு விலகியதால் எஃப் சிப்பாய்க்கு வழி பிறக்கிறது. குதிரை இ5-இலும் சிப்பாய் எஃப்4-இலும் நின்றால் அக்குதிரைக்கு உறுதியான தாங்கல் கிடைக்கும்.

இரண்டாவது, கருப்பு தன் குதிரையை எச்5-க்கு அனுப்பி மந்திரியைத் துரத்துவது. நீண்ட நேரம் நாம் காணாதிருந்தால் ஒரு குதிரைக்கு ஒரு மந்திரியைக் கொடுத்துவிட நேரும். எச்2 சிப்பாயை எச்3-க்கு முன்கூட்டியே நகர்த்தினால் எச்2 கட்டம் மந்திரிக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகும். இது ஒரு நகர்த்தல் செலவு; தேவைப்படும்போது மட்டும் செய்க.

மூன்றாவதே நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது. சி1-ஐ விட்டு மந்திரி சென்றபோது பி2 சிப்பாய் தன் காவலை இழந்தது. அறிந்த எதிராளி சிப்பாயைச் சி5-க்குத் தள்ளிவிட்டு, அரசியைப் பி6-க்குக் கொண்டுவந்து அச்சிப்பாயைக் குறிவைப்பார். இதற்கு நம் அரசியைப் பி3-இல் நிறுத்துவது நல்ல விடை. அரசிக்கு எதிரில் அரசி! கருப்பு அரசி நம் அரசியை வெட்டினால் ஏ2 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். இரட்டைச் சிப்பாய் உண்டாவது ஒரு குறைதான். ஆனால் ஏ நிரல் முழுவதும் நம் யானைக்குத் திறந்துவிடுகிறது. கருப்பு அவ்வாறு வெட்டாமல் சிப்பாயைச் சி4-க்குத் தள்ளி அரசியைத் துரத்தினால் அரசி சி2-க்குப் பின்வாங்கும். அங்கே ஒரு நுட்பமான வலை உள்ளது. அதைப் பாடத்தின் இறுதியில் நீங்களே கண்டறிவீர்கள்.

சி5 சிப்பாய் டி4-இல் வெட்டினால் எந்தச் சிப்பாயால் திருப்பி வெட்டுவது என்று பலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் இ3 சிப்பாயால் வெட்டுக. இ நிரல் நமக்குத் திறக்கும். யானை இ1-க்கு வந்தால் இ5 கட்டத்தின் மீது மேலும் ஒரு பார்வை கூடும்.

இப்போது ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குத் திரும்புவோம். இலண்டன் அமைப்பைக் கற்ற மாணவரிடம் ஒரு பழக்கம் விரைவில் தோன்றிவிடுகிறது. எதிராளி நகர்த்துவதற்கு முன்பே தம் அடுத்த காயின் மீது கை சென்றுவிடும். எட்டு நகர்த்தல்களையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பெருமிதத்தோடு பார்ப்பார்கள். இது சதுரங்கம் ஆகாது. கருப்பு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே ஒவ்வொரு காயின் இருக்கையும் முடிவாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பலகையில் ஆடிப் பாருங்கள். வெள்ளை டி4, கருப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை எஃப்3. கருப்புச் சிப்பாய் ஜி6. வெள்ளை மந்திரி எஃப்4. கருப்பு மந்திரி ஜி7. வெள்ளை இ3, கருப்பு கோட்டை கட்டுகிறது. வெள்ளை மனப்பாடத்தின்படி மந்திரியை டி3-இல் வைக்கிறது. கருப்புச் சிப்பாய் டி6. வெள்ளை கோட்டை கட்டுகிறது. கருப்பின் மற்றொரு குதிரை டி7. வெள்ளைக் குதிரை டி2; கருப்பு யானை இ8. வெள்ளைச் சிப்பாய் சி3. எட்டு நகர்த்தல்களும் முடிந்தன. வெள்ளையின் கோபுரம் குறையின்றி நிற்கிறது. இப்போது கருப்பு சிப்பாயை இ5-க்குத் தள்ளுகிறது. எஃப்4 மந்திரி தாக்கப்பட்டதால் ஜி3-க்குப் பின்வாங்குகிறது. உடனே அதே சிப்பாய் இ4-க்கு முன்னேறுகிறது. டி3 மந்திரி, எஃப்3 குதிரை ஆகிய இரண்டையும் ஒரே சிப்பாய் ஒருசேரத் தாக்குகிறது! அச்சிப்பாயை எஃப்6 குதிரையும் இ8 யானையும் காக்கின்றன. வெள்ளை ஒரு காயை இழந்தே தீர வேண்டும்.

பிழை எங்கே? கருப்பு ஜி6 சிப்பாயை நகர்த்தியபோதே டி3 மந்திரிக்கு அங்கு வேலையில்லாமல் போயிற்று. எச்7-ஐ நோக்கிய பாதையில் ஜி6 சிப்பாய் சுவராக நிற்கிறது. எனவே கருப்பு ஜி6 ஆடினால் நம் மந்திரிக்கு உரிய இடம் இ2. எச்3 ஆடி மற்ற மந்திரிக்கு எச்2-இல் இடம் தேடி வைப்பதும் நன்று. அப்போது இ4 சிப்பாய் வந்தாலும் குதிரை ஒன்று மட்டுமே தாக்கப்படும். அது நகர்ந்து தப்பிவிடும். எட்டில் ஒன்று மாறியது, ஆட்டம் பிழைத்தது.

சி3 நகர்த்தலும் அவ்வாறே கட்டாயமன்று. வெள்ளை டி4, கருப்பு டி5, வெள்ளை மந்திரி எஃப்4, கருப்புக் குதிரை எஃப்6, வெள்ளை இ3 என ஆட்டம் செல்கையில், கருப்பும் நம்மைப் பார்த்துத் தன் சி8 மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவருவதாகக் கொள்வோம். நமக்குப் பி2-இல் வந்த நோய் இப்போது அவர்களுக்குப் பி7-இல் வந்துவிட்டது. ஆகவே சிப்பாயைச் சி3-இல் நிறுத்தாமல் சி4-க்கே தள்ளி, அடுத்து அரசியைப் பி3-க்குக் கொண்டுவந்து பி7-ஐயும் டி5-ஐயும் ஒருசேர நெருக்க வேண்டும். இங்கே சி3 ஆடுவது தவறன்று. ஆனால் கையில் வந்த வாய்ப்பை மேசையிலேயே விட்டுச் செல்வதாகும்.

இவ்வமைப்பின் பெயர் வந்த வழி சுவையானது. 1922-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த பெரும் போட்டியில் இது பலமுறை ஆடப்பட்டது. அப்போட்டியில் முதலிடம் பெற்றவர் அப்போதைய உலக வாகையர் கியூபாவின் காப்பபிளாங்கா. ஆயினும் நெடுங்காலம் இதை ஓய்வுபெற்றோர் ஆடும் ஆட்டம் என்று எள்ளி நகையாடியோர் உண்டு. முன்னணி வீரர்களுள் கட்டா காம்ஸ்கி இதை விடாது ஆடினார். 2016-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் சேயில் மாக்னஸ் கார்ல்சன் இதனைக் கொண்டு தொமாஷெவ்ஸ்கியை வென்றார். 2023-இல் கசகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த உலக வாகையர் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்த டிங் லிரன் இலண்டன் அமைப்பையே தேர்ந்து நெப்போம்னியாச்சியை வென்று சமன் செய்தார். முடிவில் வாகையும் சூடினார்.

மறு ஆண்டு சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேசுக்கு எதிராகவும் ஆறாவது ஆட்டத்தில் டிங் அதே அமைப்பை ஆடினார். அவ்வாட்டம் சமனில் முடிந்தது. குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையரானது அப்போட்டியில்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். எதிராளி எந்த எளிய தொடக்கத்தை ஆடினாலும், அவருக்கு முன்பாகவே அதைத் தாம் ஆராய்ந்திருப்பது அவர் போன்றோரின் வழக்கம். நாம் எதிர்கொள்ளும் மண்டலப் போட்டி எதிராளிகள் அவ்வளவு தொலைவு வந்தவர்கள் அல்லர் என்பது ஆறுதல்.

இதற்கு எதிரான கருத்தையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியாளர் சிலர் சிறுவருக்கு இதைக் கற்பிக்கக் கூடாது என்பர். ஒரே வகை நிலையிலேயே ஆடிப் பழகினால் திறந்த ஆட்டங்களின் தாக்குதலும் காய்ப்பலியும் கைவராமல் போகும் என்பது அவர்கள் கூற்று. சரியாக ஆடும் கருப்பிடம் வெள்ளை இதில் பெரிய மேன்மை எதையும் பெறுவதில்லை என்பதும் உண்மையே. என் கருத்து இது: பயிற்சியாளர் அருகில் இருப்பவர் இ4 ஆடிக் கற்கட்டும், அவருக்குத் திருத்த ஆள் இருக்கிறார். தனியே கற்பவர் ஓராண்டு இதை ஆடட்டும். தொடக்கத்தில் மிஞ்சும் நேரத்தை இறுதியாட்டங்களிலும் செக்மேட் புதிர்களிலும் செலவிடட்டும். பத்தாவது நகர்த்தலில் தோற்பவர் இறுதியாட்டம் என்ற ஒன்றைக் காண்பதே இல்லை அல்லவா? ஓராண்டு கழிந்தபின் வேறொரு தொடக்கத்தையும் கற்கத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட வலை. இரண்டு நிலைகளையும் பலகையில் அடுத்தடுத்து அமையுங்கள்.

முதல் நிலை: வெள்ளை டி4, கருப்பு டி5, வெள்ளை மந்திரி எஃப்4, கருப்புக் குதிரை எஃப்6, வெள்ளை இ3, கருப்பு சி5, வெள்ளை சி3, கருப்பு அரசி பி6, வெள்ளை அரசி பி3, கருப்புச் சிப்பாய் சி4, வெள்ளை அரசி சி2, கருப்பு மந்திரி எஃப்5. கருப்பு தன் மந்திரியை நம் அரசிக்கு எதிரே காவலின்றி நிறுத்தியுள்ளது. அதை வெட்டினால் கருப்பு அரசி பி2 சிப்பாயை வெட்டி, ஏ1 யானையையும் விழுங்க முனையும்.

இரண்டாம் நிலை: முதல் மூன்று நகர்த்தல்களும் முன்போலவே. நான்காவதாக வெள்ளை சி3 ஆட, கருப்பு தன் பி8 குதிரையைச் சி6-க்குக் கொண்டுவருகிறது. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்தபின் கருப்பு அரசி பி6. வெள்ளை அரசி பி3, கருப்புச் சிப்பாய் சி4. வெள்ளை அரசி சி2, கருப்பு மந்திரி எஃப்5.

இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குதிரை மட்டுமே. ஒன்றில் வெள்ளை அரசி மந்திரியை வெட்டிவிட்டு, கருப்பு பி2-இல் வெட்டியதும் சி8-க்குச் சென்று செக்மேட் செய்யலாம். மற்றொன்றில் அதே சி8-இல் அரசி வெட்டுண்டுபோவாள். அங்கே மந்திரியைத் தொடாமல் சி1-க்குப் பின்வாங்கிப் பி2-ஐக் காப்பதே முறை. எந்நிலையில் எது என்பதையும், ஏ8 யானைக்கும் பி8 கட்டத்திற்கும் அதில் உள்ள தொடர்பையும் உங்கள் ஏட்டில் ஐந்து வரிகளில் தமிழில் எழுதி வருக.